காவடி முடிந்த மூன்றாம் நாள்

தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸில் அரசு விடுமுறை உண்டு. விடுமுறை முடிந்த மூன்றாம் நாள் எங்கள் இதய நோய்ப் பிரிவின் பெஞ்சுகள் காலை ஏழு மணிக்கே நிரம்பிவிடும். கால் வீங்கியவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர்கள். பல ஆண்டுகளாகச் செவிலியாக இதைப் பார்த்துவருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ரோஸ் ஹில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கரும்புத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும், பிசைந்த மாவில் பதிந்ததுபோலக் குழி அப்படியே நின்றது. எடை பார்த்தால் போன மாதத்தைவிட நாலரைக் கிலோ கூடுதல். அவர் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. "பத்து நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. எடை எப்படி அம்மா ஏறும்?" என்று கேட்டார்.

ஏறியது சதையல்ல, தண்ணீர். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். மாரடைப்பாலோ நெடுநாள் இரத்தக் கொதிப்பாலோ தசை நலிந்துவிட்டால் அந்த அளவு குறைகிறது. அவருக்கு முப்பது சதவீதம்தான். சிறுநீரகத்துக்கு வந்துசேரும் இரத்தம் குறைந்ததும், உடம்பில் வறட்சி வந்துவிட்டது என்று அது தப்புக்கணக்குப் போடுகிறது. மார் ஓ வக்கோவா நீர்த்தேக்கத்தில் மட்டம் இறங்கினால் இங்கே குழாய்த் தண்ணீரை முறை வைத்து விடுகிறார்கள் அல்லவா, அதைப் போல உப்பையும் நீரையும் வெளியே விடாமல் தேக்குகிறது. தேங்கியது முதலில் காலில் தெரியும், பிறகு நுரையீரலில். இதற்கு 'இதயச் செயலிழப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. கேட்டவுடன் பாதிப் பேர் இதயம் நின்றுவிட்டது என்றே நினைக்கிறார்கள். நிற்கவில்லை, களைத்திருக்கிறது. முறையாகக் கவனித்தால் பல ஆண்டுகள் ஓடும்.

பெரியவர் என்ன செய்திருந்தார்? ஊர்வலத்தின் நடுவில் ஒதுங்க இடமிருக்காது என்று, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையை நிறுத்தினார். நிறுத்தியதும் நிறுத்தினோம், விரதத்தோடு விரதமாக இருக்கட்டும் என்று மற்ற மாத்திரைகளையும் விட்டுவிட்டார். "நன்றாகத்தானே இருந்தேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்காத வாரமே இல்லை. நன்றாக இருந்ததே அந்த மாத்திரைகளால்தான். காய்ச்சல் மாத்திரைபோல ஐந்து நாளில் வேலையை முடித்துவிட்டுப் போகிற மருந்துகள் அல்ல இவை. இதயத்தின் சுமையைத் தினமும் கொஞ்சம் தாங்கிக்கொண்டே இருப்பவை. வறட்டு இருமல், தலைசுற்றல் என்று ஏதாவது தொல்லை தந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் மாற்று மருந்து இருக்கும். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

அடுத்தது உப்பு. விரதச் சாப்பாடு சைவம் என்பதால் இதயத்துக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். மாங்காய் அச்சார், அப்பளம், பாக்கெட் சூப் எல்லாமும் சைவம்தானே! ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காவடி இறக்கிய பின் வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது அந்தக் கணக்கு ஒரே பந்தியில் தீர்ந்துவிடும். எண்ணெய் விஷயத்தில் இந்த நாடு ஒரு நல்ல காரியம் செய்தது. 1987-க்குப் பிறகு ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதியாக இருந்த பாமாயிலை எடுத்துவிட்டுச் சோயா எண்ணெய் கொடுத்தார்கள். 1992-இல் சோதித்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சுமார் 213-லிருந்து 182 மில்லிகிராமுக்கு இறங்கியிருந்தது. உப்பு விஷயம் பெரும்பாலும் நம் வீட்டில்தான் இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலை மூடுவது அவரவர் கைதான்.

காவடியே எடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். நானும் முருக பக்தைதான், கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல வாய் வராது. ஆனால் சிலவற்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் நாக்கிலோ கன்னத்திலோ அலகு குத்தவே கூடாது. வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. அடைத்த இரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்து, இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அலகு குத்தினால் இரத்தம் லேசில் நிற்காது. அலகுக்காக அந்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். வெயிலில் நடந்து களைத்தவருக்கு இளநீர் கொடுப்பது நம் வழக்கம், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பில் பொட்டாசியம் ஏற்கெனவே தங்கும். அது மேலும் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். நடந்த கால்வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாலும் நீர் கோத்துவிடும். சில சர்க்கரை மாத்திரைகளையும் நீர் மாத்திரையையும் விரத நாட்களில் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர், கோயிலில் பக்கத்தில் நிற்பவர் அல்ல.

வீட்டில் ஓர் எடை மெஷின் வாங்கி வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், ஏறத்தாழ ஒரே எடையுள்ள உடையோடு ஏறி நின்று எண்ணை நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் வந்துவிடுங்கள். ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று கேட்கிறது என்றாலும், படுத்ததும் இருமல் வருகிறது என்றாலும் அதே செய்திதான். மூச்சு திடீரென்று திணறினாலோ நெஞ்சு இறுகினாலோ ஆம்புலன்ஸுக்கு 114-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். காரணமில்லாத வியர்வையையும் அசதியையும் வெயிலின் மேல் போட்டுவிடாதீர்கள்.

பெரியவர் ஒரு வாரம் எங்களிடம் இருந்தார். நீர் வடிந்து, பழைய செருப்பு காலில் நுழைந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்த ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு எடை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். காவடியைப் பேரன் தூக்குவானாம். பால் செம்பை, இங்கே நாங்கள் சொல்கிறபடி சம்போவை, கோயில் வாசலிலிருந்து சந்நிதி வரை மட்டும் இவர் எடுப்பாராம். "சரி, அன்றைக்கு நீர் மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று டாக்டரிடம் கேட்டார்.