குளோரோடாக்சின்: சொல் விளக்கம்

தேள் நஞ்சால் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் குணமாகுமா என்று கேட்கும் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் பெயர் இது. வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒரு மஞ்சள் தேளின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்து 1993இல் அறிவிக்கப்பட்ட சிறு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். 36 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; நான்கு கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிச் சுருட்டி வைத்திருக்கின்றன.

பெயரின் இரண்டு பாதியும் கிரேக்கம். 'குளோரோஸ்' என்றால் வெளிர்பச்சை. அந்த நிறத்தை வைத்துத்தான் 1810இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி குளோரினுக்குப் பெயர் சூட்டினார். 'டாக்சின்' கதை இன்னும் சுவையானது. 'டாக்சான்' என்பது வில். அம்பு நுனியில் தடவும் நஞ்சு 'டாக்சிகான் ஃபார்மகான்'. நாளடைவில் வில் கழன்றுபோய் நஞ்சு மட்டும் தங்கிவிட்டது. 'ஃபார்மகான்' என்ற சொல்லுக்கு நஞ்சு, மருந்து இரண்டுமே பொருள் என்பது இந்த இடத்தில் நல்ல பொருத்தம்.

இந்தப் பெப்டைடில் குளோரின் எதுவும் இல்லை. செல் சவ்வில் குளோரைடு அயனிகள் (குளோரினின் மின்னேற்றத் துகள்கள்) போய்வரும் வழியை அடைக்கிறது என்று கண்டதால் வந்த பெயர். ஆகவே 'பச்சை நஞ்சு' என்று பெயர்த்தால் வேடிக்கையாகிவிடும். 'குளோரைடு வழியடை நஞ்சு' என்றால் செயல் புரியும். ஆனால் புற்றுசெல்லில் அது பற்றுவது எம்.எம்.பி-2 என்ற நொதியை, அனெக்சின் ஏ2 என்ற புரதத்தை என்றெல்லாம் பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. பழைய கருத்தோடு ஏன் கட்டிப்போட வேண்டும்? பொது வாசகருக்குத் 'தேள்நஞ்சுப் பெப்டைடு' போதும் என்பது என் கட்சி.

சரி, புராஸ்டேட்டுக்கு வருவோம். தமிழில் இதற்கு 'முன்னிற்குஞ்சுரப்பி' என்ற சொல் உண்டு; 'முன்னால் நிற்பவர்' என்ற கிரேக்கப் பொருளின் நேர்பெயர்ப்பு. 2007இல் சியாட்டில் ஆய்வாளர்கள் குளோரோடாக்சினோடு ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து, புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். மூளைக் கட்டியோடு புராஸ்டேட் புற்றும் அதில் சோதிக்கப்பட்டது. நிணநீர்க் குழாய்க்குள் பரவியிருந்த சில நூறு செல்கள்கூட ஒளிர்ந்து காட்டிக்கொடுத்தன. இங்கே நஞ்சு புற்றைக் கொல்லவில்லை, அறுவை மருத்துவருக்கு இடம் காட்டுகிறது. மூளைக் கட்டிகளுக்காக இது மனிதரிடம் சோதனைக்கு வந்தது. புராஸ்டேட் புற்றுக்கு ஒப்புதல் பெற்ற தேள்நஞ்சு மருந்து இதுவரை எதுவும் கிடையாது.