கருமுளை ஸ்டெம் செல் ஊசியால் தலசீமியா தீராது

தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோய் உள்ள தன் மகளை அண்மையில் அழைத்து வந்த ஒரு தந்தை, நிலத்தை அடகு வைத்துக் 'கருமுளை ஸ்டெம் செல்' (தொடக்கநிலைக் கருவிலிருந்து எடுக்கும் மூல அணு) ஊசி போட்டதாகச் சொல்லி, கருமுளையின் வண்ணப்படம் அச்சிட்ட கோப்பு ஒன்றை என் மேசைமேல் வைத்தார். அதில் ஊசி போட்ட தேதிகளும் ரசீதுகளும் இருந்தன. அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. அந்தக் குழந்தையின் அண்ணன் எலும்பு மஜ்ஜை கொடுக்கப் பொருந்துவானா என்று காட்டும் எச்.எல்.ஏ. பரிசோதனையைச் செய்யும்படி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. இப்படி வருவோர் குறையாததால் எழுத வேண்டியிருக்கிறது.

கருமுளை ஸ்டெம் செல் எதுவாகவும் மாறும், ஆகவே உடம்புக்குள் போனால் தேவையான இடத்தைத் தானே தேடிச் சென்று இரத்தமாகிவிடும் என்று ஊசி போடுவோர் நம்பவைக்கிறார்கள். முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி முழுப் பொய். கருமுளையில் அந்த அணு முதலில் கருவின் நடு அடுக்கான இடைப்படலமாக வேண்டும். பின்னர் இரத்தக்குழாயின் உட்சுவர் அணுவாகி, நான்காவது, ஐந்தாவது வாரங்களில் பெருந்தமனியின் சுவரிலிருந்து பிரிந்து இரத்தம் உண்டாக்கும் அணுவாக வேண்டும். அதன்பின் கல்லீரலில் பெருகி, கடைசியாகத்தான் எலும்பு மஜ்ஜையில் குடியேறுகிறது. ஒவ்வொரு படியிலும் உரிய சமிக்ஞை உரிய அளவில் உரிய நாளில் கிடைத்தாக வேண்டும், ரன்எக்ஸ்1 போன்ற மரபணுக்கள் விழித்தாக வேண்டும். ஒரு குழந்தையின் கை நரம்பில் இவற்றில் எதுவும் இல்லை. அங்கே செலுத்தப்படும் கருமுளை அணுவை நோயெதிர்ப்பு மண்டலம் அழித்துவிடும். தப்பிப் பிழைத்தால் பலவகைத் திசுக்கள் கலந்த டெரட்டோமா என்னும் கட்டியாக வளரக்கூடும். ஓர் அணு எதுவாகவும் மாறவல்லதா என்று அறிய, அதை எலிக்குள் செலுத்தி இந்தக் கட்டி வருகிறதா என்று பார்ப்பதே ஆய்வகங்களின் நெடுநாள் வழக்கம்.

மனிதக் கருமுளை ஸ்டெம் செல்லை 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து சிவப்பணுக்களைப் பெறுவது ஓரளவு கைகூடினாலும், மஜ்ஜையில் தங்கி நீண்டகாலம் எல்லா வகை இரத்த அணுக்களையும் தரும் அணுவைப் பெறுவது மிகக் கடினமாகவே இருந்தது. மெல்போர்னில் உள்ள மர்டாக் குழந்தைகள் ஆராய்ச்சி நிறுவனத்தினர், கருமுளை நிலைக்குத் திரும்பும்படி மீள்நிரலாக்கிய மனித அணுக்களிலிருந்து அத்தகைய அணுக்களை உருவாக்கியதாக 2024-இல் அறிவித்தார்கள். அவற்றைச் செலுத்திப் பார்த்ததும் எலிகளில்தான். மேலை ஆய்வகங்கள் இத்தனை ஆண்டுகள் போராடியதை ஊர்க் கிளினிக் ஒன்று ஊசியில் தருகிறது என்றால் எப்படி நம்புகிறீர்கள்?

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முற்றிலும் வேறு. அங்கே செலுத்தப்படுபவை, கொடையாளியின் உடலில் ஏற்கெனவே முழுமையாக உருவான இரத்த ஸ்டெம் செல்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் இது நடக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்திலும் இந்த ஸ்டெம் செல்கள் உண்டு; ஆனால் குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் அதன் தலசீமியாவுக்கு உதவாது, ஏனெனில் அதே மரபணுக் குறை அதிலும் இருக்கும்.

இரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர, 'ஸ்டெம் செல்' என்று எதைச் சொன்னாலும், பதிவுபெற்ற மருத்துவ ஆய்வா என்று முதலில் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிவிட்டுப் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாதாமாதம் இரத்தம் ஏற்றும் குழந்தைக்கு இரும்பை வெளியேற்றும் மருந்தை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். இதயமும் கல்லீரலும் அதை நம்பித்தான் இருக்கின்றன. உடன்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கல்லீரல் கெடுவதற்கு முன் மாற்று சிகிச்சை செய்தால் பலன் கூடும் என்பதால், தயவுசெய்து முதல் சந்திப்பிலேயே உடன்பிறந்த எல்லோரையும் அழைத்து வாருங்கள்.