கடல்நீரைக் காக்கும் குளிர்

கோடைக்கால மாலைகளில், வெப்பச்சலன மழைக்கு முன் தொலைவில் திரண்டெழும் கார்மேகத்தைச் சற்று நேரம் நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். காலிஃபிளவரைப் போல மொக்கு மொக்காகப் பொங்கி மேலேறும் அந்த மேகம், ஓர் உயரத்தை எட்டியதும் மேற்கொண்டு எழாமல், கூரையில் முட்டிய அடுப்புப் புகையைப் போல் பக்கவாட்டில் விரிந்து தட்டையாகிவிடும். வளிமண்டலத்தின் கீழடுக்கு முடிந்து அடுத்த அடுக்கு தொடங்கும் எல்லையை நாம் வெறுங்கண்ணால் காணக்கூடிய இடம் அந்தத் தட்டையான மேகமுடிதான்.

பள்ளிப் பாடநூல்கள் வளிமண்டலத்தைக் கீழடுக்கு, மீவளியடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என ஐந்து மாடிகளாக வரைந்து காட்டுகின்றன. மேலே போகப் போக வெப்பநிலை குறைகிறதா, கூடுகிறதா என்பதை வைத்தே இவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. கீழடுக்கில் அது குறைகிறது. வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. தரையும் கடலும் முதலில் சூடாகி, தம்மேல் உள்ள காற்றுக்கு அந்த வெப்பத்தைத் தருகின்றன. அடுப்பை விட்டு விலகுவதைப் போல, உயரே செல்லச் செல்ல கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் குளிர் கூடுகிறது. 1862 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தில் பலூனில் ஏறிய வானிலை ஆய்வாளர் ஜேம்ஸ் கிளெய்ஷர் 8 கிலோமீட்டருக்கும் மேலே நினைவிழந்து சாய்ந்தார். உடனிருந்த ஹென்றி காக்ஸ்வெல்லின் கைகள் குளிரில் விறைத்துப் போயிருந்தன. வாயுவை வெளியேற்றும் கயிற்றை அவர் பல்லால் கடித்து இழுத்ததால்தான் இருவரும் உயிருடன் தரை இறங்கினார்கள்.

இந்தக் குளிர் முடிவின்றிக் கூடிக்கொண்டே போகும் என்றே அன்று பலரும் நம்பினர். பாரிசுக்கு அருகிலிருந்து ஆளில்லாப் பலூன்களில் வெப்பமானிகளை அனுப்பிவந்த பிரெஞ்சு வானிலை ஆய்வாளர் லெயோன் தெசரான் தெ போர், ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறையாமல் நிற்பதைக் கண்டபோது முதலில் தம் கருவியையே சந்தேகித்தார். வெயில் பட்டுக் கருவி சூடாகியிருக்குமோ என்று இரவிலும் பலூன்களை ஏவிப் பார்த்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகே, 1902இல், தம் முடிவை அறிவித்தார். அந்தப் பொறுமையே எனக்கு இக்கண்டுபிடிப்பைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

அந்த எல்லைக்கு மேலுள்ள மீவளியடுக்குக்கு வெப்பத்தைத் தருவது ஓசோன். புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூற்றை இரு அணுக்களாகப் பிளக்கிறது; பிரிந்த அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது; அந்த ஓசோன் மேலும் புற ஊதாவை உறிஞ்சி உடைந்து, மீண்டும் சேர்கிறது. இந்தச் சுழற்சியில் உயிரணுக்களைச் சிதைக்கும் கதிர்கள் வெப்பமாக மாறிவிடுகின்றன. இவ்வளவையும் செய்யும் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால், அது 3 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும்.

ஓசோனின் காப்பைப் பற்றிப் பலரும் அறிவார்கள். அது சூடாக்கும் காற்று செய்யும் மற்றொரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுவதால், கீழிருந்து எழும் காற்று அதைத் துளைத்துச் செல்ல முடிவதில்லை. மூடிக்குக் கீழே, நிலநடுக்கோட்டுப் பகுதியில் 16 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பநிலை மைனஸ் 80 டிகிரியை நெருங்குகிறது. அங்கு வரும் நீராவி உறைந்து பனித்துகளாகிக் கீழே விழுகிறது. தரையருகே காற்றில் நூற்றுக்கு 4 பங்கு வரை இருக்கக்கூடிய நீராவி, இந்த எல்லையைத் தாண்டியபின் பத்து லட்சத்துக்குச் சில பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இந்தத் தடை இல்லாதிருந்தால் நீராவி உயரே சென்றிருக்கும். புற ஊதாக் கதிர் அதை உடைத்திருக்கும். இலேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பியிருக்கும். வெள்ளிக் கோள் தன் நீரை இவ்வாறே இழந்ததாகக் கருதப்படுகிறது. அங்கு எஞ்சியுள்ள ஹைட்ரஜனில் அதன் கனமான வகையான டியூட்டீரியத்தின் விகிதம் பூமியில் உள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல் இருப்பது அதற்கான தடயம். இலேசானது ஓடிவிட, கனமானது தங்கிவிட்டது.

பூமியைக் காப்பதில் மேலுள்ள அடுக்குகளுக்கும் பங்கு உண்டு. இடையடுக்கில் பெரும்பாலான விண்கற்கள் எரிந்து தீர்கின்றன. வெப்ப அடுக்கு எக்ஸ் கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது.

2022 சனவரி 15 அன்று டோங்கா தீவுகளருகே ஹுங்கா எரிமலை கடலடியில் வெடித்தபோது, அதன் புகைத்தூண் 50 கிலோமீட்டரையும் தாண்டி எழுந்து, ஏறத்தாழ 15 கோடி டன் நீராவியை நேராக மீவளியடுக்கில் கொண்டு சேர்த்தது. அவ்வடுக்கில் இருந்த நீராவியின் அளவு ஒரே நாளில் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடியதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. கீழடுக்கில் இருந்திருந்தால் சில நாட்களில் மழையாகப் பெய்து தீர்ந்திருக்கும் அந்த நீர், மழையே பெய்யாத அந்த உயரத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது.