ஓர் அடுப்பா, ஒரு வளவா?

திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் ஒரு வளவுக்குள் போனால் இரண்டு வீடுகள் நிற்கும். முன் வீட்டில் தாய் தகப்பன், பின் வீட்டில் கலியாணம் முடித்த மகளும் மருமகனும். கிழக்கில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம் என்பதால் இதில் புதினம் இல்லை. கணக்கெடுப்புக்கு வினாக்கொத்தோடு வரும் பிள்ளை “இங்க எத்தினை குடும்பம் அம்மா?” என்று கேட்டால், “ஒண்டுதான் மகள், எல்லாருக்கும் ஒரே பானைச் சோறு” என்று பதில் வரும்.

சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோர் ஒரு குடும்பம் என்பது ஓர் ஆய்வின் வரைவிலக்கணம். கூரை வேறானால் குடும்பமும் வேறு என்பது இன்னோர் ஆய்வுடையது. இரண்டும் பிழையில்லை. ஆனால் இரண்டு கோப்புகளிலும் ‘குடும்பங்கள்’ என்று மட்டும் தலைப்பிருந்தால், பத்து வருடம் கழித்து ஒப்பிடுகிறவர் மூதூரில் குடும்பங்கள் பெருகிவிட்டன என்று எழுதிவைப்பார்.

இந்த விபத்தைத் தடுப்பதுதான் மீதரவு, அதாவது தரவைப் பற்றிய தரவு. கேட்ட கேள்வியின் அச்சொட்டான வாசகம், யாரிடம், எந்த மொழியில், எந்த மாதத்தில் கேட்டது என்பதெல்லாம் அதில் அடங்கும். மாதம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கவேண்டாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மேற்குக் கடலைப் புரட்டும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் இங்கே வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடில், போடுவார்கள். வாடைக்காற்று தொடங்கினால் திரும்பிவிடுவார்கள். ஒரே கரையை ஜூனிலும் டிசம்பரிலும் எண்ணினால் இரண்டு ஊர் கிடைக்கும்.

குறியீடுகள் இன்னும் பொல்லாதவை. நூறு வீட்டில் 95 வீட்டுக்கு ஒவ்வொரு வள்ளம். ஐந்து வீட்டார் பதில் சொல்லவில்லை, அதற்கு 99 என்று குறித்தாயிற்று. 99 என்றால் ‘பதில் இல்லை’ என்று கணினிக்குத் தெரியாவிட்டால் சராசரி, வீட்டுக்கு 5.9 வள்ளம்!

80 நிரல் கொண்ட துளை அட்டைகளின் காலத்தில் இவை தட்டச்சுப் பக்கங்களாக, ‘குறியீட்டு நூல்’ என்ற பெயரில் இருந்தன. மனிதர் வாசிக்கலாம், கணினி வாசிக்காது. 1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துப் பல பல்கலைக்கழகங்கள் தரவைப் பகிரக் கூட்டுச் சேர்ந்தன. அந்தக் கூட்டமைப்பின் முயற்சியில் 1995இல் தொடங்கியதே டிடிஐ (Data Documentation Initiative) என்ற, மீதரவை எழுதும் நியமம். முதல் பதிப்பு 2000இல் வந்தது. 2003இலிருந்து பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் தரவுக் காப்பகங்களும் சேர்ந்த ஓர் ஒன்றியம் அதைப் பார்த்துக்கொள்கிறது. நமது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் இணையத் தரவுப் பட்டியலும் இந்த நியமத்தை ஒட்டியதுதான்.

உள்ளே நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு தகவலும் பெயர் ஒட்டிய பெட்டிக்குள் போகிறது. ஆய்வுக்கு ஒரு பெட்டி, கோப்புக்கு ஒன்று, ஒவ்வொரு மாறிக்கும், அதாவது கோப்பின் ஒவ்வொரு நிரலுக்கும், ஒன்று. பெட்டிகளின் பெயர் எல்லா இடத்திலும் ஒன்று என்பதால் ‘வள்ளம்’ பற்றிக் கேட்ட ஆய்வுகளையெல்லாம் கணினி தேடி எடுத்துவிடும். பிந்திய பதிப்புகளில் கேள்விக்கே ஓர் அடையாள எண் உண்டு. இன்னொரு பல்கலைக்கழகம் அதே கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணைச் சுட்டினால் போதும். வாசகத்தை மாற்றினால் பதிப்பு எண்ணும் மாறவேண்டும்.

ஒரே கேள்வியின் தமிழ், சிங்கள வாசகங்களை மொழி முத்திரையோடு பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். திருகோணமலைக்கு இது ஆடம்பரமில்லை. குடும்பத்துக்குச் சிங்களத்தில் ‘பவுல’ என்பார்கள், பேச்சு வழக்கில் அது மனைவியையும் குறிக்கும். “எத்தனை பவுல?” என்று கேட்டுப் பாருங்கள்.

கடினமான வேலை பெட்டி செய்வதல்ல. அடுப்பா கூரையா என்று இரண்டு துறைத் தலைவர்களை ஒரு மேசையில் இருத்தி இணங்கவைப்பதுதான்.

சுனாமிக்குப் பிந்திய ஒரு பழைய கோப்பை அண்மையில் திறந்தோம். ஊர்ப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்ததால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பை. அதை மாற்றி எடுத்தோம்: நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா. ‘வி14’ என்ற நிரலில் 1, 2, 3 மட்டும். கேள்வி கேட்ட பிள்ளை இப்போது கனடாவில். வாட்ஸ்அப்பில் விசாரித்தோம், 1 ஆம், 2 இல்லை என்றா. 3 என்னவென்று அவவுக்கும் ஞாபகமில்லை.