ஆவணப்படத்தில் ஓடுவது எந்த ஊர்ப் படம்?

இரண்டாம் உலகப் போரில் மலாயாவில் நடந்த ஸ்லிம் ரிவர் சண்டை பற்றிய ஆவணப்படத்தில் பளிச்சென்ற வெயிலில் ஜப்பானிய டாங்கிகள் தொரோலாக் என்ற இடத்துத் தடுப்பை உடைத்துக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். அது நடந்தது 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன். அன்றைய பிலிமில் அந்த நேரத்துக்குப் படம் சரியாக விழாது. ஓடுவது வேறு ஊர்ப் படமாகவோ, பிரசாரத்துக்காக ஜப்பானியர் பிறகு நடத்திக்காட்டி எடுத்ததாகவோ இருக்கும். துப்பாக்கிச் சத்தமும் பெரும்பாலும் பின்னால் சேர்த்ததுதான்.

படத்தை இடவலம் மாற்றி ஓட்டுவதும் உண்டு. எதிரி எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்தால் பார்ப்பவருக்குக் குழப்பமில்லை என்று எடிட்டர்கள் செய்வது. சிப்பாயின் ரைபிளைப் பாருங்கள்: பிரிட்டிஷாரின் லீ-என்ஃபீல்டோ ஜப்பானியரின் அரிசாகாவோ, போல்ட் கைப்பிடி வலப்பக்கம்தான். இடப்பக்கம் தெரிந்தால் படம் திருப்பப்பட்டது. மலாயா லாரியின் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஜப்பானியர் அடர்ந்த காட்டைப் பிளந்துகொண்டு வந்ததாகச் சொல்வதும் பாதிக்கதைதான். பெரிய ரோட்டில் டாங்கி, சைக்கிள். தடுப்பு வந்தால் பால்மரங்களுக்கு (ரப்பர் மரங்களுக்கு) நடுவே போகும் தோட்டத்து ரோட்டில் சுற்றிப் பின்னால் வந்துவிடுவார்கள். பசிபிக் போர் பேர்ல் ஹார்பரில் தொடங்கியதும் இல்லை. 1941 டிசம்பர் 8 நள்ளிரவு தாண்டி மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கி ஒரு மணி நேரத்துக்குமேல் ஆன பிறகே பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதால் ஹவாயில் தேதி 7.

மனதை உறுத்துவது, போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைதான். 415 கிலோமீட்டர், ‘12,000 பேர் இறந்தார்கள்’ என்று பின்னணிக் குரல் சொல்லும். அது போர்க்கைதிகள் கணக்கு மட்டும். ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சத்துக்கு மேல் என்பதும், அவர்களில் இறந்தவர் 90,000 வரை என்பதும் பரவலான மதிப்பீடு. நம் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போனவர்களும் அதில்தான் அடக்கம். ராணுவத்துக்குப் பேரேடு இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) போனவருக்குப் பதிவுமில்லை, கல்லுமில்லை. ஆகவே எண்ணிக்கை காதில் விழுந்தால், யாருடைய எண்ணிக்கை என்று கேளுங்கள். அதே ஊர் இரும்புப் பாலத்தைக் காட்டும்போது வளைந்த இரும்புச் சட்டங்களைக் கவனியுங்கள்; அவை ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. நேர்க்கோட்டுச் சட்டங்கள் போருக்குப் பிறகு மாற்றியவை. பாலத்தை உடைத்ததும் விமானக் குண்டுதான். சினிமாவில் வருகிற கமாண்டோக்கள் அல்ல.

வீட்டில் ஜப்பானியர் ஆண்ட காலத்துத் தாள் இருந்து ஆண்டு 2603 என்றிருந்தால் அச்சுப்பிழை என்று தூக்கிப்போடாதீர்கள். ஜப்பானிய ஆண்டில் 660 கழித்தால் 1943. மணியும் தோக்கியோ மணிதான்; போருக்கு முந்திய மலாயா நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும்.