பிரித்ததும் உப்பி எழும் நாற்காலி

1969-இல் இத்தாலியில் ஒரு நாற்காலி அறிமுகமானது. அது கடையிலிருந்து நாற்காலியாக வரவில்லை, தட்டையான ஒரு பொதியாக வந்தது. மேலே இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையைக் கிழித்தால் போதும். உள்ளே இருப்பது காற்றை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, சுமார் 1.2 மீட்டர் அகலமுள்ள குண்டு நாற்காலியாக எழுந்து உட்காரும். பம்ப் வேண்டாம், ஆணி வேண்டாம், பூட்டி முடுக்கும் வேலையும் இல்லை. அதன் பெயர் 'அப்' (Up). வடிவமைத்தவர் கயத்தானோ பெஷே, தயாரித்த நிறுவனம் இன்று பி அண்ட் பி இத்தாலியா என்ற பெயரில் இருக்கிறது. குளிக்கும்போது கையில் இருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டதும் அது பழைய உருவத்துக்கே திரும்பியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று பெஷே சொல்லியிருக்கிறார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த வித்தை நடக்க நாற்காலிக்குள் எலும்பே இருக்கக் கூடாது. மரச்சட்டம், ஸ்பிரிங், இரும்புக் கம்பி என்று எது இருந்தாலும் தட்டையாக்க முடியாது. 'அப்' முழுக்க முழுக்க பாலியூரித்தேன் நுரை. அச்சுக்குள் ஊற்றி வார்த்து, மேலே இழுபடும் துணியைப் போர்த்தியிருப்பார்கள், அவ்வளவுதான். உட்காருபவரின் எடையைத் தாங்குவதும் அந்த நுரையேதான்.

பாலியூரித்தேனை 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் உருவாக்கினார்கள். பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் அவை நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாகப் பிணைகின்றன. கலவையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அது ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு பொங்குவதும் இதே வாயுவால்தான். மாவு பொங்க ஒரு ராத்திரி ஆகும், நுரைக்குச் சில நிமிடங்கள் போதும். அந்தக் காலத்து நுரைகளில் ஃப்ரியான் வகைத் திரவங்களையும் சேர்ப்பதுண்டு. வினையில் பிறக்கும் சூட்டிலேயே அவை ஆவியாகி இன்னும் குமிழிகளை உண்டாக்கும். ஓசோன் படலத்துக்கு அவை செய்த கேடு பிற்பாடு தெரியவந்தது.

பொங்கி முடியும் தறுவாயில் நடப்பதுதான் முக்கியம். குமிழிகளின் மெல்லிய சுவர்கள் வெடித்துத் திறந்துகொள்கின்றன. மிஞ்சுவது நுண்ணிய தூண்களால் ஆன ஒரு வலைப்பின்னல். குமிழிகள் மூடியே இருந்தால் நுரை ஆயிரக்கணக்கான குட்டி பலூன்களின் கூட்டமாகிவிடும், காற்றை வெளியே எடுக்க வழியிருக்காது. இந்த வலையில் பொருள் எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். திடமான பாலியூரித்தேன் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,200 கிலோ. மெத்தை நுரை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூறில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம்தான் பாலியூரித்தேன், மற்றதெல்லாம் காற்று. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் இடம் மீதி இருக்கிறது.

சரி, சுருக்குவது யார்? நம்மைச் சுற்றியுள்ள காற்று. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 10 டன் எடையோடு அழுத்துகிறது. நுரைக்குள்ளும் அதே அழுத்தத்தில் காற்று இருப்பதால் சாதாரணமாக ஒன்றும் தெரிவதில்லை. உறையில் போட்டு உள்காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் எதிர்த்துத் தள்ள ஆளில்லை. 70 கிலோ மனிதர் ஒருவர் உட்காரும்போது நுரையின் மேல் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு அரை டன் அளவுதான். வளிமண்டலத்தின் பலம் அதைப்போல் இருபது மடங்கு. அழுத்திய நிலையில் உறையைச் சூட்டால் ஒட்டி மூடிவிட்டால், காற்றே பூட்டாக நின்று நுரையைப் பிடித்துவைத்திருக்கும்.

உறை கிழிந்ததும் நுரை ஏன் பழைய வடிவத்துக்கே வருகிறது? அழுத்தும்போது அந்த நுண்தூண்கள் முறிவதில்லை, வளைந்து மடங்குகின்றன. தூணுக்குள் இருக்கும் சங்கிலி மூலக்கூறுகள் இயல்பாகச் சுருண்டு தாறுமாறாகக் கிடக்க விரும்புபவை. மடக்கும்போது அந்தத் தாறுமாறு குலைந்து ஓரளவு ஒழுங்குக்கு வருகிறது. விட்டதும் பழைய குழப்பத்துக்கே திரும்பப் பார்க்கின்றன. சங்கிலிகள் ஒன்றோடொன்று ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பதால் வழுக்கி இடம் மாறவும் முடியாது. வார்க்கும்போது எந்த வடிவத்தில் முடிச்சுகள் விழுந்தனவோ, அதுதான் திரும்பி வரும் வடிவம். ரப்பர் பேண்டும் இதே காரணத்தால்தான் சுருங்குகிறது. ஆனால் இந்த ஞாபகசக்திக்கும் ஓர் எல்லை உண்டு. மாதக்கணக்கில், அதுவும் வெயிலில், அமுக்கியே வைத்திருந்தால் சங்கிலிகள் மெல்ல நகர்ந்து புது நிலைக்குப் பழகிவிடும். அப்புறம் பிரித்தாலும் முழுதாக எழாது.

'அப்' நாற்காலி வரிசையில் ஏழு வடிவங்கள் உண்டு. அதிகம் பேசப்பட்டது 'அப் 5'. பெண் உடலை நினைவூட்டும் நாற்காலியும், அதோடு கயிற்றால் கட்டிய ஓர் உருண்டையும். காலில் குண்டு கட்டிய கைதியைப் போலப் பெண்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டவே அப்படிச் செய்ததாக பெஷே சொன்னார். 2019-இல் இதன் 8 மீட்டர் உயர உருவத்தில் அம்புகளைக் குத்தி மிலான் கதீட்ரல் சதுக்கத்தில் நிறுத்தினார். அதைப் பெண்ணிய அமைப்பினரே எதிர்த்தார்கள். பெண்ணின் துயரத்தைச் சொல்ல மறுபடியும் அவள் உடலையே பொருளாக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

1970-களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. 2000-இல் 'அப் 5' திரும்ப வந்தபோது வெற்றிடப் பொதியைக் கைவிட்டிருந்தார்கள், முழு வடிவத்திலேயே வருகிறது. பெஷேயின் வித்தை இப்போது வேறிடத்தில் பிழைக்கிறது. பெட்டிக்குள் சுருட்டி அனுப்பப்படும் நுரை மெத்தைகளை இயந்திரத்தில் நசுக்கி, காற்றுப் புகாத உறையில் மூடி அனுப்புகிறார்கள். அந்த மெத்தையைப் பிரித்த பிறகு பெட்டிக்குள் திருப்பி வைக்கப் பலர் வாக்குவம் க்ளீனரோடு போராடுவார்கள். நல்ல க்ளீனரே உருவாக்கும் அழுத்த வேறுபாடு வளிமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், சதுர மீட்டருக்கு 2 டன். மெத்தை பாதிக்கு மேல் சுருங்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த அளவுக்குச் சுருங்காது.