ஃபெசண்ட் பருவம்: துப்பாக்கியோடு போகிறவரும் பாதையில் நடக்கிறவரும் அறிய வேண்டியவை

தமிழில் எல்லாவற்றையும் ‘வேட்டை’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் அந்தப் பழக்கம் குழப்பத்தில் கொண்டுபோய் விடும். அங்கே ‘ஹன்டிங்’ என்றால் நாய்க்கூட்டத்தை ஏவி விலங்கைத் துரத்துவது. காட்டு விலங்குகளை அப்படி வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. ‘ஷூட்டிங்’ என்பது துப்பாக்கியால் பறவைகளைச் சுடுவது. அது இன்றும் சட்டப்படி நடக்கிறது. இலையுதிர் காலம் வந்துவிட்டால் கிராமப்புறத்தில் வாரம் தவறாமல் அதன் சத்தம் கேட்கும். வேலை செய்யும் நிறுவனம் மூலமாகவோ, ஊர் நண்பர் மூலமாகவோ அழைப்பு வந்து முதல்முறை போகும் தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், ஞாயிறு விட்டு மற்ற நாட்களில் வயல்பாதையில் நடக்கிறவர்களுக்கும் இது.

ஞாயிறு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1831ஆம் ஆண்டின் கேம் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஃபெசண்ட், பார்ட்ரிட்ஜ், கிரவுஸ் என்ற பறவைகளையும், முயல் இனத்தில் பெரியதான ஹேரையும்தான் சட்டம் ‘கேம்’ என்கிறது. இவற்றை இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக் கூடாது. பருவமும் பறவைக்குப் பறவை மாறும். வடக்கு மேட்டுநிலங்களில் வாழும் செங்கிரவுஸுக்கு ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. பார்ட்ரிட்ஜுக்கு செப்டம்பர் 1 முதல், ஃபெசண்டுக்கு அக்டோபர் 1 முதல். இரண்டும் பிப்ரவரி 1 அன்று முடியும். அந்தக் கடைசி நாள் ஞாயிறாக வந்தால் அதற்கு முன்தினமே பருவம் முடிந்த மாதிரிதான். 2026இல் அப்படித்தான் வந்தது: பிப்ரவரி 1 ஞாயிறு, ஆகவே ஜனவரி 31 சனிக்கிழமையே கடைசி.

உட்காக் பறவையின் பருவமும் இங்கிலாந்தில் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. ஆனால் பொறுப்புள்ள இடங்களில் டிசம்பர் பிறக்கும்வரை அதைத் தொட மாட்டார்கள். அங்கேயே கூடுகட்டி வாழும் உட்காக் குறைந்துகொண்டே வருகிறது. வடக்கிலிருந்து வலசை வருபவை வந்துசேர நவம்பர் கடைசி ஆகும். அதற்குமுன் சுட்டால் விழுவது பெரும்பாலும் உள்ளூர்ப் பறவை. சட்டம் அனுமதித்தும் கை அடங்கியிருக்க வேண்டிய இடம் இது. புறாவின் கதை வேறு. காட்டுப்புறாவுக்குப் பருவமே கிடையாது; ஆனால் அது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை. பயிருக்குக் கடும் சேதம் வராமல் தடுக்க என்ற காரணத்துக்காக, அரசின் பொது உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் சுடலாம். பொழுதுபோக்குக்குச் சுட்டேன் என்று சொன்னால் அந்த உரிமம் காப்பாற்றாது.

அடுத்தது அனுமதி. நிலம் யாருடையதோ அவரிடம் கேட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் சுடும் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். பயிர் செய்யும் விவசாயி மனமுவந்து ‘வந்து சுடுங்கள்’ என்றாலும், உரிமை வேறொருவர் கையில் இருந்தால் அந்த வார்த்தை செல்லாது. உரிமையில்லாத நிலத்தில் துப்பாக்கியோடு கால் வைத்தால் 1968ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டப்படி அதுவே தனிக் குற்றம். எல்லையில் நின்று சுட்ட பறவை பக்கத்து நிலத்தில் விழுந்தால்கூட, எடுக்கப் போவதற்கு முன் அந்த நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். எனவே அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எல்லை குறித்த வரைபடம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தத் துப்பாக்கி வைத்திருக்க ஷாட்கன் (சிறு ரவைகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி) சான்றிதழ் வேண்டும். காவல்துறை தரும் அது ஐந்து ஆண்டு செல்லும். இந்தச் சான்றிதழில் அடங்கும் துப்பாக்கியின் குழல் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேகசின் (தோட்டா அடுக்கும் பகுதி) இருந்தால் அது கழற்ற முடியாததாக, இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளாததாக இருக்க வேண்டும். விருந்தினராகப் போகிறவருக்கு ஒரு வழி உண்டு. தனியார் நிலத்தில், 18 வயது நிரம்பிய சான்றிதழ்தாரர் தன் துப்பாக்கியை இரவல் தரலாம். ஆனால் அந்த நிலத்துக்கு ஆளை வரவழைக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், அல்லது அந்த உரிமை உள்ளவரின் எழுத்து அனுமதி வேண்டும். கடைசிவரை அவர் கூடவே, கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனால் இருவருக்குமே சிக்கல். சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கு, தண்டனைக் காலத்தைப் பொறுத்து, துப்பாக்கியைத் தொடவே தடை உண்டு.

இனி களத்துக்கு வருவோம். பறவைகளை ஆட்கள் விரட்டிக்கொண்டுவரும் வழக்கமான ‘டிரிவன்’ நாளில் எட்டு ஒன்பது பேர் சுடுவார்கள். அவர்களையே அங்கே ‘கன்’ என்று அழைப்பார்கள். காட்டுக்கு எதிரே சுமார் 40 கஜ இடைவெளியில் நட்ட குச்சிகள்தான் ‘பெக்’. காலையில் சீட்டெடுத்து எண் வாங்கி, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இரண்டு எண் தள்ளி நிற்பார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றிவர அந்த ஏற்பாடு. காட்டுக்குள்ளிருந்து பறவைகளைக் கிளப்பும் ‘பீட்டர்’கள், பழைய உரச்சாக்கைக் கிழித்துக் கட்டிய கொடிகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். பறவைகள் எழும்பி உங்கள் தலைக்குமேல் பறக்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால், விழுந்ததை எடுக்க நாய்களோடு வேறு ஆட்கள் நிற்பார்கள். அதாவது முன்னும் பின்னும் இருபக்கமும் மனிதர்கள். சுற்று தொடங்குமுன் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 12 போர் (குழலின் அகல அளவு; எண் கூடினால் குழல் சிறிது) துப்பாக்கியால் பறவையைச் சுத்தமாக வீழ்த்தும் தூரம் 40 கஜம்தான். ஆனால் தோட்டாவிலிருந்து சிதறும் ரவைகள் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் அப்பால் போய் விழும். கண்ணாடி அணியச் சொல்வது அதனால்தான். தணிந்து விழும் ஒரே ஒரு ரவை கண்ணுக்குப் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, குழலை வரிசையின் குறுக்கே வீசுவது. நடப்பது இப்படி. பறவை முன்னால் தாழ்வாக வருகிறது. துப்பாக்கியைத் தோளில் வைத்துத் தொடர்கிறீர்கள். அது பக்கவாட்டில் விலகுகிறது. கண் பறவையிலேயே ஒட்டியிருப்பதால் கையும் கூடவே போகிறது. ஒரு நொடியில் குழல் அடுத்த பெக்கில் நிற்பவரின் முகத்தைக் கடந்துவிடும். இதற்கு மருந்து ஒன்றுதான். பறவை தலைக்குமேல் கடந்துவிட்டால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, குழலை நேர்மேலாக வானத்துக்கு நிமிர்த்தி, உடம்போடு திரும்பி, அதன்பின் மறுபடி தோளில் வைக்க வேண்டும். பறவைக்குப் பின்னால் வானம் முழுதாகத் தெரியாவிட்டால் விசையைத் தொடக் கூடாது. மரம், வேலி, மேடு தெரிந்தால் அந்தப் பறவை போகட்டும். வரிசையின் குறுக்கே குழலை வீசியவரை அங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் யாரும் வருத்தப்படக் கூடாது.

தோட்டா விஷயத்தில் ஒன்று. 20 போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது அழகுக்காக அல்ல. அது தவறி 12 போர் குழலில் விழுந்தால் உள்ளே வழுக்கிப் போய்ச் சிறிது தூரத்தில் சிக்கி நிற்கும். தோட்டா போடும் அறை காலியாகத் தெரியும். அதன்மேல் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். குழலை முன்னால் பிடித்திருக்கும் கையின் விரல்கள் அங்கேதான் இருக்கும். ஆகவே இரண்டு அளவுத் தோட்டாக்களையும் ஒரே சட்டைப்பையில் வைக்காதீர்கள். சுட்ட சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டாலும், துப்பாக்கி சேற்றிலோ பனியிலோ முட்டினாலும், மடித்துத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழல் வழியாக வானத்தைப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால்தான் அடுத்த தோட்டா.

ஊதல் ஒலிகளைக் காலை விளக்கத்திலேயே காதில் வாங்கிக்கொள்ளுங்கள்; இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் முதல் ஊதல் தொடக்கம். அடுத்தது, பீட்டர்கள் நெருங்கிவிட்டார்கள், முன்பக்கம் சுடாதே என்பது. கடைசி ஊதலில் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட வேண்டும். அதற்குப்பின் எழும்பும் பறவை எவ்வளவு அருமையாக வந்தாலும் சரி, அது போய்விட்டது. தரையில் ஓடும் எதையும் சுட வேண்டாம். தாழப் பறப்பதையும் பக்கத்து ஆளுக்கு நேராகப் போவதையும் விடுங்கள். காயப்பட்டு விழுந்த பறவையை எங்கே விழுந்தது என்று குறித்து, நாய்க்காரரிடம் உடனே சொல்லுங்கள். அது உயிரோடு துடித்துக்கிடக்க, எத்தனை வீழ்த்தினேன் என்று எண்ணிப் பேசுவது அவமரியாதை. காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மாலையில் அங்கே பறவைகளைப் பராமரிக்கும் கேம்கீப்பர் ஒரு ஜோடிப் பறவை தருவார். கைகுலுக்கும்போதே மடித்த நோட்டை அவர் கையில் வைப்பது வழக்கம். எவ்வளவு என்பதை அழைத்தவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம், அது தவறில்லை. போதையில் குண்டேற்றிய துப்பாக்கி வைத்திருப்பது 1872இலிருந்தே குற்றம். இடைவேளையில் நீட்டப்படும் மதுவை மறுத்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ரவை பற்றி. வாத்தினப் பறவைகளை ஈய ரவையால் சுடுவது இங்கிலாந்தில் 1999 முதல் தடை. கடற்கரையின் அலையேற்றக் கோட்டுக்குக் கீழே எந்தப் பறவைக்கும் ஈயம் கூடாது. ஈய ரவையையே படிப்படியாக நிறுத்தப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. மாற்றத்துக்கு மூன்று ஆண்டு அவகாசம். எஃகு ரவை ஈயத்தைவிட எடை குறைந்தது என்பதால் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். ஈயத்தில் 6ஆம் எண் போட்டவர் எஃகில் 4ஆம் எண்ணுக்குப் போக வேண்டும் (எண் குறைந்தால் ரவை பெரிது). பழைய துப்பாக்கிக்கு எஃகு ஒத்துவருமா என்று துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். பறவையை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: ஈயம் பட்ட இறைச்சியைச் சிறு குழந்தைகளும் கருவுற்றவர்களும் அடிக்கடி உண்ணக் கூடாது என்பது அங்குள்ள உணவுத் தர அமைப்பின் அறிவுரை. ரவை நுழைந்த துளையைச் சுற்றிய கருத்த சதையை வெட்டி எறிந்துவிடுங்கள்.

கடைசியாக நடப்பவர்களுக்கு. பொதுப்பாதை சுடும் நாளிலும் பொதுப்பாதைதான். உங்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை, நீங்கள் கடக்கும்வரை அவர்கள்தான் நிறுத்த வேண்டும். வண்டிகள் போகும் சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, போகிறவருக்குக் காயமோ இடையூறோ ஆபத்தோ விளைவித்தால் அது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். மேட்டுநிலத்தின் திறந்தவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடிக்க வேண்டும். சில கிரவுஸ் நிலங்களில் நாய்க்கே அனுமதி இராது, நுழைவில் பலகை இருக்கும். ஊதலோ கொடிச் சத்தமோ கேட்டால் நின்று, கையை உயர்த்தி, உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் பாதையை விட்டு விலகாமல் நடங்கள். துப்பாக்கி உங்களை நோக்கித் திரும்பினாலோ சுட்டது உங்கள்மேல் விழுந்தாலோ அவசர எண் 999ஐ அழையுங்கள். நேரம், பாதையின் பெயர், எந்தத் திசையிலிருந்து சத்தம் வந்தது என்ற மூன்றையும் குறித்து வைத்திருந்தால் காவலர் வந்ததும் வேலை எளிது.